ஏலப்பூ உதிர்கிறது: டானிக் அடிக்கலாமா?

கேள்வி: போடியில் வசிக்கிறேன். உடும்பன்சோலைப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலம், எல்லாம் ஞள்ளானி ரகம். 2024 கோடை வெயிலில் பாதித் தூர் கருகிவிட்டது. மறுநடவு செய்ததில் இப்போது பூச்சரம் நன்றாக ஓடுகிறது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் காய் பிடிக்காமல் உதிர்கிறது. மருந்துக் கடைக்காரர் பூ நிற்க ஒரு டானிக் தருகிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வேரில் ஈரம் குறைந்தாலும் பூ உதிரும் என்பதால், தூரடியில் சருகு மூடாக்கு போட்டு ஈரத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முக்கியம். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏலப்பூவுக்கு ஆயுள் ஒரே நாள். விடியும் முன்னே மலரும், மாலையில் வாடிவிடும். காலை எட்டு மணியிலிருந்து நண்பகலுக்குள் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய். அந்த நேரத்தில்தான் பெரும்பாலான தோட்டங்களில் மருந்து மோட்டார் ஓடுகிறது! வறண்ட வெயிலில் இலைப்பேன் என்ற சிறு பூச்சி பெருகுகிறது, காயில் சொறி விழுமே என்று பயந்து கூடுதலாக அடிக்கிறோம், சாவது தேனீ. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவரிடம் விற்பதற்குத் தேனீ இல்லை.

வெயிலே தேனீக்கு எதிரிதான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பம்பிள் தேனீ இனங்கள் தங்கள் வாழிடத்தின் தெற்கு ஓரத்தில் 300 கிலோமீட்டர் வரை இழந்துவிட்டதாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வடக்கே குளிர்ச்சியான இடங்களுக்கும் அவை அதே வேகத்தில் நகரவில்லை. நம் மலையில் மரநிழல் என்ற வசதியாவது உண்டு. அதையும் வெட்டி, சில்வர் ஓக் ஒன்றையே வரிசையாக நட்டு வைத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏலம் பூக்காத மாதங்களில் தேனீ எதைத் தின்னும்? நாவல், பலா, மதகிரி வேம்பு என்று கலந்து நடுங்கள். நிற்கிற பழைய மரத்தில் கோடரி வைக்காதீர்கள். மலைத்தேனீக்கு உயர்ந்த கிளை வேண்டும்.

எக்டேருக்கு நான்கு தேனீப் பெட்டி என்பது கணக்கு. உங்களுக்கு ஐந்து போதும். நல்ல நிழலில் வையுங்கள், சூடு ஏறினால் பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும். மருந்தைக் குறைத்து, அடித்தே தீர வேண்டுமானால் மாலைக்கு மாற்றிய பிறகு பெட்டி வாங்குங்கள். முன்பே வாங்கினால் அந்தப் பணமும் போய்விடும்.

நாளை காலை ஒன்பது மணிக்குப் பூத்த தூர் ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நின்று, எத்தனை தேனீ வந்தது என்று எண்ணி எழுதுங்கள். டானிக் புட்டியின் படம் எனக்கு வேண்டாம்.