பெங்களூர் ஏரி, ராஜகாலுவே, பஃபர் ஜோன்: நீங்க கேட்டதுக்கு பதில்

எங்க என்ன கட்டலாம்னு ஊருக்கு போடுற மாஸ்டர் பிளான் மேப்பும் ஏரிக்கரையுமா பல வருஷமா சுத்திட்டு இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

அண்ணா, சர்ஜாபூர் ரோட்ல ஃபிளாட் பாக்குறோம். ஏரிய சுத்தி எதுவும் கட்டாம 75 மீட்டர் பஃபர் ஜோன் விடணும்னு ஃப்ரெண்ட் சொல்றான், பில்டர் 30 போதும்ங்கறார். எது சரி?

மாஸ்டர் பிளான்படி 30 தான் தம்பி. அகரா பெல்லந்தூர் நடுவுல இருந்த சதுப்பு நிலத்துல பெரிய கட்டடம் வந்த கேஸ்ல, 2016 மே மாசம் பசுமை தீர்ப்பாயம் ஊர் முழுக்க 75 மீட்டர்னு உத்தரவு போட்டுச்சு. 2019 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணி மாஸ்டர் பிளான்ல இருக்குறதுதான் செல்லும்னுடுச்சு. அந்த பிளான்படி ஏரிக்கு 30, ஏரிக்கு ஏரி மழைத்தண்ணி கொண்டுபோற கால்வாயான ராஜகாலுவேக்கு அதோட நடுவுல இருந்து 50, 25, 15 மீட்டர், காலுவே பெருசா சின்னதாங்கறத பொறுத்து. சின்ன ஏரிகளுக்கு இந்த 30-ஐயும் குறைக்கணும்னு 2025ல சட்டசபையில மசோதா கொண்டுவந்தாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல, ஏன்னா சின்ன ஏரிதான் முதல்ல காணாம போகுது.

சார், மத்திய அரசு ஈரநில விதி இருக்குல்ல, அது காப்பாத்தாதா?

2017 விதிய படிச்சு பாருங்க, பாசனத்துக்குன்னு மனுஷன் வெட்டுன நீர்நிலை அதுல சேராது. நம்ம ஊர் ஏரி முக்கால்வாசி அப்படி வெட்டுனதுதான். அதனால உள்ளூர் மாஸ்டர் பிளான்ல போடுற கோடு ரொம்ப முக்கியம், அது நகர்ந்தா ஏரி போச்சு. தர்மாம்புதி ஏரி இருந்த இடம்தான் இன்னைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட், சம்பங்கி ஏரில கண்டீரவா ஸ்டேடியம் நிக்குது.

சைட் வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும் அண்ணா? ஏ கட்டா இருக்கு, ஈசியும் (வில்லங்க சான்று) கிளியர்.

கட்டாங்கறது சொத்து வரிக்கான பதிவு, கீழ காலுவே ஓடுதான்னு அது சொல்லாது. முதல்ல ரெவின்யூ டிபார்ட்மென்ட்டோட திஷாங்க் ஆப்ல சைட்ல நின்னுட்டே சர்வே நம்பர பாருங்க. அப்புறம் பழைய வில்லேஜ் மேப் வாங்குங்க, அதுல காலுவே ரெட்டை கோடா போட்டிருக்கும், அதையே மாஸ்டர் பிளான்ல தேடுனா சில இடத்துல ஒத்த நீல கோடா இருக்கும், சில இடத்துல கோடே இருக்காது, நேர்ல போனா ரெண்டு காம்பவுண்ட் சுவருக்கு நடுவுல சிலாப் போட்டு மூடுன ஒரு சாக்கடை, ஒரு ஆள் கைய விரிச்சா ரெண்டு பக்கமும் தொடலாம். மூணும் ஒத்துப் போகலன்னா வாங்காதீங்க. ஆர்டிசில, அதாவது நிலப் பதிவேட்டுல, பி கராப்னு இருந்தா அது பொது நிலம், பேச்சே வேண்டாம். 2022 செப்டம்பர் வெள்ளத்துல ரிங் ரோடு பக்கம் டிராக்டர்ல ஆள கூட்டிட்டு போனாங்களே, ஏரிக்கு ஏரி தண்ணி போற வழி அடைஞ்சதாலதான்.

எங்க ஏரி பக்கத்து பசுமை நிலத்த ரெசிடென்ஷியலா மாத்தப் போறாங்களாம். நாங்க என்ன பண்ண முடியும்?

அக்கா, பிளான்ல நில உபயோகத்த மாத்தணும்னா நகர திட்டமிடல் சட்டம் 14ஏ படி பேப்பர்ல நோட்டீஸ் போட்டு ஆட்சேபணை கேட்டே ஆகணும். நோட்டீஸ் கண்ணுல படாத மூலையில வரும், தேதி முடியறதுக்குள்ள எழுதிக் குடுங்க. "ஏரிய காப்பாத்துங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, சர்வே நம்பர், காலுவே எந்த பக்கம் ஓடுது, மழைக்கு தண்ணி எதுவரை நின்னுச்சு, தேதி போட்ட போட்டோ, எல்லாம் வெச்சு குடுங்க, ஒப்புகை வாங்கிக்கோங்க. கையெழுத்து நூறு பேர்கிட்ட வாங்குறதவிட ஒரு நல்ல மேப் ஒட்டுனா பலம் ஜாஸ்தி.

வாக்கிங் டிராக், கல் கரை எல்லாம் போட்டு அழகு பண்றாங்களே, நல்லதுதானே?

நடக்குறவங்களுக்கு நல்லது. ஆனா சுத்திவர செங்குத்தா கரை எழுப்பி உள்ள தோண்டிட்டா அது தொட்டி மாதிரி ஆயிடும், நாணல் வளர்ற, நாரை மேயுற ஆழமில்லாத ஓரம் போயிடும். அந்த ஓரம்தான் அழுக்க வடிகட்டுது. ஜக்கூர் ஏரிய போய் பாருங்க, சுத்திகரிச்ச கழிவுநீர் நாணல் சதுப்புக்குள்ள புகுந்து அப்புறம்தான் ஏரிக்கு வருது.

நான் ஓசூர். உங்க ஊர் ஏரி பிளான்ல எங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்குமா. பெல்லந்தூர் தண்ணி வர்த்தூர் ஏரிக்கு போய், அங்கிருந்து தென்பெண்ணையில கலந்து உங்க கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருது, அங்க நுரை பொங்குறது இதனாலதான். அதனால இங்க அடுத்த மாஸ்டர் பிளான் வரைவு வந்து கருத்து கேக்கும்போது நீங்களும் எழுதுங்க, உங்க அணைத் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா அதையும் சேத்து அனுப்புங்க.