சஸ்பென்ஸ், ஆக்‌ஷன் த்ரில்லர் நாவல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

கேள்வியோடு ஒரு விளக்கமும் இருந்தது: "ராத்திரி உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஆனால் நண்பர் யாராவது 'ஏன் நல்லா இருக்கு?' என்று கேட்டால் பதில் வருவதில்லை. விறுவிறுப்பைத் தவிர வேறு அளவுகோல் உண்டா?"

உண்டு. என்னுடையதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கடைசி வரைக்கும் எதை மறைத்து வைத்தார் என்று நான் பார்ப்பதில்லை. எதை முன்கூட்டியே நம்மிடம் சொல்லிவிட்டு, பிறகும் நம்மைப் பதற வைத்தார் என்றுதான் பார்க்கிறேன். மறைப்பது சுலபம். கொலையாளியின் பெயரை முந்நூறு பக்கம் சொல்லாமல் இருந்தால் யாரும் கடைசிப் பக்கம் வரை வந்துதான் தீருவார்கள். சொல்லிவிட்டுப் பதற வைப்பதற்குத்தான் எழுத்துத் திறமை வேண்டும்.

நான் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து (பாமாயில் எடுக்கும் பனை) ஆபீஸில் கிராணி, அதாவது எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டணத்தில் நாங்கள் சிலர் கூடிப் படித்த நாவல்களைப் பேசுவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பாக்கெட் நாவல்கள், ஆங்கிலத் தடிப் புத்தகங்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் எழுதிக் கொண்டு வருவது என்று எல்லாமே பேச்சில் வரும். கீழே எழுதுவதில் பாதி அந்தப் பேச்சில் கிடைத்தது.

சொல்லிவிட்டுப் பதற வைப்பது என்றால் என்ன என்பதற்கு ஃபிரெடெரிக் ஃபோர்சைத்தின் 'த டே ஆஃப் த ஜக்கால்' நாவலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1971ல் வந்த புத்தகம். பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். டி கோல் 1970 நவம்பரில் தன் சொந்த வீட்டில் இயற்கையாக இறந்தவர். ஆக, புத்தகத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் முடிவு தெரியும்: அந்தக் கொலை நடக்கப் போவதில்லை. அப்படியும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. காரணம், அவன் பொய்ப் பெயரில் கடவுச்சீட்டு எடுப்பது, துப்பாக்கியைச் சொல்லிச் செய்விப்பது, அதை ஆளில்லாத காட்டில் சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் ஆசிரியர் நமக்கு விளக்கமாகச் சொல்லிவிடுகிறார். அவனைத் தேடும் அதிகாரிக்கோ வெகுநேரம் வரை அவன் பெயர்கூடத் தெரியாது. நமக்குத் தெரிந்ததற்கும் அவருக்குத் தெரிந்ததற்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரம் பக்கத்துக்குப் பக்கம் குறைகிறது, மறுபடி கூடுகிறது. நம்மைப் பிடித்து வைப்பது அதுதான். இன்னொரு விஷயம், ஃபோர்சைத் அந்தக் காலத்தில் பாரிஸில் ராய்ட்டர்ஸ் நிருபராக இருந்தவர். 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி-கிளமார் என்ற இடத்தில் டி கோலின் காரைச் சுட்டது உண்மைச் சம்பவம். நாவல் அந்த வழக்கிலிருந்துதான் புறப்படுகிறது. முதலில் நடந்ததைச் சரியாகச் சொன்னவர் என்பதால் பிறகு சொல்லும் கற்பனையையும் நம்பிவிடுகிறோம்.

எங்கள் ஊருக்கும் அப்படி எல்லாருக்கும் முடிவு தெரிந்த ஒரு காலைப்பொழுது உண்டு. 1948 ஜூன் 16. எல்பில் ரப்பர் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும், சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பிலுக்கு வந்தவர்கள் சைக்கிளில் வந்தார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அதிலிருந்து தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீண்டது. இதை வைத்து யாராவது த்ரில்லர் எழுதினால், துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கும் நாவலை நான் பாதி மனதோடுதான் படிப்பேன். அத்தியாயத்தின் தலையில் அந்தத் தேதியை மட்டும் போட்டுவிட்டு, கிராணி பேரேட்டைத் திறப்பதையும், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பதையும், மண் சாலையில் சைக்கிள் வரும் சத்தத்தையும் நிதானமாக எழுதினால் எங்கள் ஊர் வாசகருக்கு வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. தேதியைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அண்மையில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு தம்பி தன் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு வந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்யும் பையன், நல்ல வாசிப்பு உள்ளவன். கதையில் ஒருவன் கொலை செய்துவிட்டுப் பிணத்தைச் செம்பனைக் காட்டில், வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறான். "அங்கே யார் வரப்போகிறார்கள்" என்று நினைக்கிறான். மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. கடைசியில் ஒரு நாய் கண்டுபிடிக்கிறது.

நான் கேட்டேன்: "தம்பி, அந்தப் பிளாக்குக்கு ரவுண்டு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்துப் பன்னிரண்டு நாள்ல வந்துரும் அண்ணே" என்றான்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: காய்க்கிற செம்பனையில் பழுத்த குலையை வெட்ட ஏறக்குறைய பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதே வரிசைக்கு ஆட்கள் மறுபடி வந்துவிடுவார்கள், அதுதான் ரவுண்டு. பழம் மரத்திலேயே உதிர விட்டால் நஷ்டம். வெட்டிய குலையும் நாள் கடக்காமல், பொதுவாக 24 மணி நேரத்துக்குள், ஆலைக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் மட்டையை அடுக்குவார்கள், நடுவில் உள்ள பாதையில்தான் தள்ளுவண்டியோ டிராக்டரோ போகும். வெளியாள் கண்ணுக்குக் காடு மாதிரித் தெரியும் இடம், உண்மையில் கணக்குப் போட்டு ஆள் நடமாடும் இடம்.

தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். கதைக்குள் கொண்டுவரத்தான் தோன்றவில்லை. அன்றைக்கு முழுக்க இதைத்தான் பேசினோம். கொலைகாரன் வெளியூர்க்காரன், அவனுக்கு ரவுண்டு தெரியாது. ஆனால் வாசகனுக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) வாய் வழியாகச் சொல்லிவிட வேண்டும்: இன்றைக்கு எட்டாம் பிளாக், நாளைக்கு ஒன்பது. பிணம் பதினான்கில். அதற்குப் பிறகு கொலைகாரன் ஓட்டலில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டாலும் நமக்கு நெஞ்சு அடிக்கும், ஏனென்றால் குலை வெட்டுகிறவர்கள் பத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து வேலை நின்றால் அவனுக்கு அவகாசம், நமக்கு எரிச்சல். நாயும் வேண்டாம், தற்செயலும் வேண்டாம். அந்தத் தோட்டம் வழக்கமாக இயங்குகிற விதமே கதையை நடத்திவிடும். திருத்தி எழுதிக் கொண்டிருக்கிறான், வெளிவந்தால் கட்டாயம் சொல்கிறேன்.

நான் நாவலில் முதலில் தேடுவது இதைத்தான். கதை நடக்கும் இடத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது: வங்கி, துறைமுகம், மருத்துவமனை, தோட்டம், எதுவாகவும் இருக்கட்டும். அந்த நடைமுறையை ஆசிரியர் தெரிந்துகொண்டு அதிலிருந்தே ஆபத்தை எடுத்தாரா? இடத்தைப் படுதாவாகத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் ஆட்களை ஓடவிட்டாரா? இரண்டாவது வகை நாவலைச் சுங்கை சிப்புட்டிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றினாலும் ஒரு வரி மாறாது.

அடுத்து, அத்தியாய முடிவுகள். தமிழில் இந்த வகை எழுத்து வாரப் பத்திரிகைத் தொடரில் வளர்ந்தது. 'தொடரும்' போடுவதற்கு முன்னால் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. வாரம் ஒருமுறை படித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. புத்தகமாகப் படிக்கும்போது அதுவே ஆசிரியரைக் காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். படித்து முடித்த நாவலை எடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் அடுத்ததன் முதல் பத்தியையும் மட்டும் வாசியுங்கள். "கதவு மெல்லத் திறந்தது, அவள் அலறினாள்" என்று முடிந்து, அடுத்ததில் வந்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்றால் அந்த அலறல் கடன். ஒரு தடவை பொறுக்கலாம். அதே வேலை மறுபடி மறுபடி நடந்தால் ஆசிரியரிடம் கதை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல நாவலில் அத்தியாய முடிவு கேட்ட கேள்விக்கு அடுத்த அத்தியாயம் உண்மையான விலை கொடுக்கும்: யாராவது எதையாவது இழப்பார்கள், அல்லது திரும்ப முடியாத ஒரு முடிவை எடுப்பார்கள்.

பாக்கெட் நாவல்களில் இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டிக் கடைசியில் சேர்ப்பது பழகிப்போன வடிவம், ராஜேஷ்குமார் நாவல்களைப் படித்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த வடிவமும்கூட. அதில் பார்க்க வேண்டியது சேரும் இடத்தை. ஒரு பாத்திரம் எடுத்த முடிவால் இரண்டு தடமும் முட்டிக்கொண்டால் நிறைவாக இருக்கும். ஒரே பஸ்ஸில் தற்செயலாக ஏறியதால் சேர்ந்தால், அதுவரை படித்த இருநூறு பக்கமும் கை நழுவிப் போகும்.

சரி, ஆக்‌ஷனுக்கு வருவோம். சண்டைக் காட்சியை எடைபோட எனக்கு இரண்டே கேள்விகள். ஒன்று, யார் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிகிறதா? செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவார்கள், மரத்துக்கு மரம் முப்பது அடி போல, ஏக்கருக்கு 55 மரம் வாக்கில் வரும். அதனால் மூன்று திசையிலும் வரிசை நேர்கோடாக ஓடும். வரிசையோடு ஓடுகிறவனை டார்ச் அடித்தால் வெகுதூரம் வரை காணலாம். வரிசையை அறுத்துக் குறுக்கே ஓடினால் மட்டை அடுக்கில் கால் மாட்டும், பாம்புப் பயம் வேறு. எதைத் தேர்ந்தெடுப்பான்? அந்தத் தேர்வை எனக்குக் காட்டினால் அது சண்டைக் காட்சி. "மரங்களுக்கிடையே மின்னலெனப் பாய்ந்தான்" என்றால் எனக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் பயமும் இல்லை.

இரண்டாவது கேள்வி, உடம்புக்கு வலிக்கிறதா? தோளில் குண்டு பட்டால் சின்னக் காயம் என்பது கதைகளில் மட்டும் நடக்கும். தோளுக்குள் பெரிய ரத்தக்குழாயும் கைக்குப் போகும் நரம்புக் கொத்தும் இருக்கின்றன, ஆளையே முடித்துவிடலாம். மயக்க மருந்து நனைத்த கைக்குட்டை ஒரு நொடியில் யாரையும் சாய்க்காது, நிமிடக்கணக்கில் ஆகும். சைலன்சர் மாட்டிய கைத்துப்பாக்கியும் சத்தம் போடும்: 160 டெசிபெல் அளவில் வெடிப்பதை 130 வாக்கில் குறைக்கும், பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்துவிடுவார். இதையெல்லாம் பிழை கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. வலியும் சத்தமும் நேரமும் உண்மையாக இருந்தால் நாயகனுக்குச் சிக்கல் கூடும், சிக்கல் கூடினால் எனக்குப் பதற்றம் கூடும். அவற்றை அழிக்கும் ஆசிரியர் தன் கையில் இருக்கும் சரக்கைத் தானே வீசிவிடுகிறார்.

துப்பாக்கியும் அப்படித்தான். இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு கடுமையானது. ஆகவே மலேசியாவில் நடக்கும் கதையில் ஒரு துப்பாக்கி எப்படி ஒருவன் கைக்கு வந்தது என்பதே ஐம்பது பக்கம் தாங்கும். யார் கொடுத்தார், என்ன கைம்மாறு கேட்டார், எங்கே ஒளித்தான், மனைவி பார்த்துவிட்டாளா? ஒவ்வொரு அடியாளும் இடுப்பிலிருந்து உருவினால் அந்த ஐம்பது பக்கமும் போச்சு.

வில்லனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: நாயகன் இல்லாவிட்டால் அவன் திட்டம் வென்றிருக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நாயகன் கண்டுபிடிப்பதற்காகவே தடயம் விட்டுப் போகும் வில்லனால் எந்தப் பதற்றமும் வராது.

விறுவிறுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. வேலை முடிந்து களைத்து வந்தவரை நள்ளிரவு வரை விழிக்க வைக்கும் எழுத்து சாதாரணமானதல்ல. அதை 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குபவர்களோடு எங்கள் கூட்டத்தில் நான் விடாமல் வாதம் செய்வேன். என்ன, விறுவிறுப்பு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உண்மையான பயத்தால் வந்ததா, வெறும் ஒளித்துவைத்தலால் வந்ததா? முடிவு தெரிந்த பிறகு நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து வாசித்தால் விடை கிடைத்துவிடும். ஒளித்துவைத்த கதையில் அந்த அத்தியாயம் செத்துக் கிடக்கும். ஜக்கால் நாவலில் அவன் துப்பாக்கியைச் சோதிக்கும் இடத்தை இன்றைக்கு எடுத்தாலும் நான் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நண்பருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சொல்லாதீர்கள். அந்தப் பங்குக்குள் ஆசிரியர் நம் கையில் கொடுத்த ஒரு தகவலை எடுத்து, "இது தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு" என்று சொல்லுங்கள். நண்பர் புத்தகத்தை உங்களிடம் கேட்டு வாங்குவார். அப்படிச் சொல்ல ஒரு தகவலும் அகப்படாவிட்டால், உங்கள் மதிப்பீடும் அதுவே.