இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரை அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவு எப்படி நம்பிச் சேர்த்தது?

தேவைதான் முதல் காரணம். போர்க் கைதியின் வாயைத் திறக்க, புத்தகத்தில் படித்த ஜெர்மன் போதாது. ஊர்ப் பேச்சு, கேலி, எந்த இடத்தில் ஆள் மழுப்புகிறான் என்பதெல்லாம் பிடிபட வேண்டும். அகதிகளுக்கு அது தாய்மொழி. ஹிட்லர் பக்கம் சாய்வார்கள் என்ற பயமும் பெரிதாக இல்லை.

கை ஸ்டெர்ன் நல்ல உதாரணம். 1922இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் பிறந்த யூதர். 1937இல், 15 வயதில், தனியாக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஜெர்மனியிலேயே மாட்டிக்கொண்டு, பிறகு நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். அமெரிக்க ராணுவம் இவரை மேரிலாந்து மாநிலத்தில் இருந்த கேம்ப் ரிட்சி என்ற உளவுப் பயிற்சி முகாமில் பயிற்றுவித்தது. விசாரணை முறை, வான்வழிப் படங்களைப் படிப்பது, ஜெர்மன் படையின் அமைப்பு எல்லாம் அங்கே பாடம்.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகளோடு பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கினார். ஜெர்மன் கைதிகளுக்கு ரஷ்யர்களிடம் சிக்குவதென்றால் நடுக்கம் என்பதைக் கவனித்தார். உடனே ரஷ்யச் சீருடை, பதக்கங்கள் சகிதம் 'கமிஸார் க்ருகோவ்' என்ற சோவியத் அதிகாரி ஆகிவிட்டார்! கூட்டாளி ஃபிரெட் ஹோவர்ட் இரக்கமுள்ள அமெரிக்கராக நடிப்பார்: "பேசிவிடு, இல்லையென்றால் இவரிடம் ஒப்படைக்க வேண்டிவரும்." அடி உதை இல்லாமலே பலர் பேசினார்கள். (நம்மூர் போலீஸ் கதைகளில் வரும் அதே நல்லவர்-கெட்டவர் ஜோடிதான்.)

இந்த விசாரணையாளர்களே ஜெர்மன் படையிடம் பிடிபட்டால் கதை வேறு. 1944 டிசம்பரில் சிக்கிய இரண்டு யூத விசாரணையாளர்களை, ஜெர்மன் யூதர்கள் என்று தெரிந்ததும் சுட்டுக் கொன்றார்கள்.