வாசகர் கேள்வி – பதில்: ஆயில் ஃபில்டர் வெறும் காகிதம்தானா?

கேள்வி: 2014ஆம் ஆண்டு வாங்கிய ஸ்விஃப்ட் டிசையர் டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றிவிடுவேன். கடந்த இரண்டு முறையும், உதிரிபாகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த ஃபில்டரைப் போட்டேன். இந்த முறை கழற்றியபோது காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு முனையில் காகிதம் தட்டிலிருந்து விலகியும் இருந்தது. "வெறும் காகிதம்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியல்ல. உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், எர்டிகா ஆகியவற்றோடு டாடாவின் சில கார்களிலும் இதே இன்ஜின்தான் இருந்தது. இதற்கு உலோக டப்பாவோடு திருகி மாட்டும் ஃபில்டர் கிடையாது. இன்ஜினோடு நிரந்தரமாக இருக்கும் கூட்டுக்குள் காகித கார்ட்ரிட்ஜை (மடித்த தாளாலான உருளையை) மட்டும் மாற்றுகிறோம். டப்பா வகையில் உள்ளே என்ன இருக்கிறதென்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கார்ட்ரிட்ஜ் வகையில் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அதைத்தான் பலரும் பயன்படுத்துவதில்லை.

ஆயில் கார்ட்ரிட்ஜின் வெளிப்புறத்திலிருந்து காகிதத்தை ஊடுருவி, நடுத் துளைக்கு வந்து, அங்கிருந்து இன்ஜினுக்குப் போகிறது. இந்தக் காகிதம் பிசினில் தோய்த்து, சூடேற்றி இறுக்கப்பட்ட நார்த்தாள். பிசினில் சிக்கனம் செய்திருந்தாலோ, இறுகும்வரை சூடேற்றாமல் விட்டிருந்தாலோ, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் மாதக்கணக்காக ஊறும்போது தாள் தளர்ந்து, மடிப்புகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. வடிகட்டும் பரப்பு சுருங்குவதால் ஃபில்டரின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு கூடி, பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் இருப்பதைவிட வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்பதற்காக வைத்த வால்வு அது. நீங்கள் குறித்த நேரத்தில் மாற்றியிருப்பதால், மடிப்புகள் ஒட்டியதற்கு ஃபில்டரின் தரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது முனை விலகியிருந்ததுதான். அந்த இடைவெளி வழியாக ஆயில் காகிதத்தைத் தொடாமலே கடந்துவிடும். அழுத்தம் குறையாது என்பதால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியாது. ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், டர்போவின் பேரிங்கிலும், ஆயில் அழுத்தத்தால் இயங்கி டைமிங் செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரிலும் துகள்கள் போய்ச் சேரும். ஃபில்டரில் மிச்சப்படுத்திய பணம் இவற்றில் ஒன்றின் விலைக்கு அருகில்கூட வராது.

அடுத்த முறை கடையிலேயே உறையைப் பிரித்துப் பாருங்கள். மடிப்புகளின் இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். தாளின் இரு ஓரங்களும் சேரும் இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீற்று எதுவும் தெரியக்கூடாது. இரு முனைத் தட்டுகளிலும் பசை இடைவிடாமல் பிடித்திருக்க வேண்டும். மெல்லத் திருகினால் தட்டு அசையக்கூடாது. நடுத் துளை, கூட்டின் குழாயில் இறுக்கமாக அமர வேண்டும். மடிப்புகளை எண்ணித் தரத்தை முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். செயற்கை நார் கலந்த தாள் குறைந்த மடிப்புகளிலேயே நன்றாக வடிகட்டும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியின் மேல் "10 மைக்ரான்" (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்கும் பொருள் இல்லை. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிக்கும் ஃபில்டரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஆயில் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனை முறையான ஐஎஸ்ஓ 4548-12படி, எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே முழுத் தகவலைத் தருகிறார்.

இப்போதைக்கு, நல்ல ஃபில்டருடன் மாற்றிய ஆயிலை 10,000 வரை ஓட்டாமல் ஒருமுறை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். கழற்றிய தாளை வெட்டி, வெள்ளைத் துணிமேல் விரித்து, வெயிலில் பாருங்கள். மினுக்கும் துகள்கள் தென்பட்டால் காந்தத்தை அருகே கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் இரும்புத் தேய்மானம். ஒட்டாவிட்டால், பேரிங்கின் அலுமினியமோ செம்போ ஆக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஃபோக்ஸ்வாகன் போலோ டீசலில், ஆயில் மாற்றிய மறுநாளே ஃபில்டர் மூடியருகே ஆயில் கசிகிறது. ஃபில்டர் நல்ல நிறுவனத்துடையதுதான்.
– வாசகர், ஈரோடு

பதில்: ஃபில்டர் நல்லதாகவே இருக்கலாம், மூடியில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜோடு பெட்டியில் வரும் புதிய ஓ-ரிங்கைப் போடாமல் பழையதையே விட்டிருப்பார்கள், அல்லது அதற்குரிய பள்ளத்தில் போடாமல் மரையின்மேல் போட்டிருப்பார்கள். சூட்டில் கிடந்த பழைய ஓ-ரிங் உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகிவிடுவதால் மீண்டும் அடைக்காது. புதியதில் சிறிது ஆயில் தடவி மாட்ட வேண்டும்.

கசிகிறதே என்று மேலும் இறுக்காதீர்கள். உங்கள் காரின் மூடியை இறுக்கச் சொல்லப்பட்ட திருகுவிசை 25 நியூட்டன் மீட்டர்; கையின் முழு பலத்தில் இறுக்கினால் இதை மிக எளிதாகத் தாண்டிவிடும், பிளாஸ்டிக் மூடியில் விரிசல் விழும். திருகுவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத பணிமனையில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டொயோட்டாவின் சில இன்ஜின்களில் கார்ட்ரிட்ஜின் நடுவே தாங்குகுழாய் ஒன்று தனியாக இருக்கும். பழைய ஃபில்டரோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டால், புதிய தாள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தாங்கலின்றி உள்நோக்கி நசுங்கிவிடும்.

கேள்வி: காகித ஃபில்டரை டீசலில் கழுவி, காற்றடித்து இன்னொரு முறை பயன்படுத்தலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. துகள்கள் தாளின் மேற்பரப்பில் மட்டும் படிவதில்லை, நார்களுக்குள்ளும் சிக்கிக்கொள்கின்றன. காற்றின் வேகம் நார்களைப் பிரித்துத் துளையைப் பெரிதாக்கும். பெயர்ந்த அழுக்கு உட்புறத்தில் தங்கி, இன்ஜினை இயக்கிய முதல் நிமிடத்திலேயே பேரிங்கிற்குப் போகும்.