கேளுங்கள், சொல்கிறேன்: கோடையில் ஆய்வுக்கூடம்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறார்களாமே? சும்மா சுற்றிக் காட்டுவார்களா, வேலையும் தருவார்களா?
– இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: வேலைதான், டீச்சர். இல்லினாய் மாநிலத்தில் பிசிக்ஸ் ஆசிரியராக இருந்தபோது குவார்க்நெட் திட்டத்தில் ஒரு கோடை முழுக்க இருந்திருக்கிறேன். 1999-இல் தொடங்கிய திட்டம் அது. பணம் அமெரிக்க அரசுடையது. ஃபெர்மிலேப் போன்ற ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே பல பள்ளிகளில் கோடைக்குச் சம்பளம் கிடையாது என்பதால் உதவித்தொகையும் உண்டு.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது மியூவான் எண்ணும் கருவி. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது உண்டாகும் துகள்கள் மியூவான்கள். உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது அதை ஊடுருவிப் போகும். சின்டிலேட்டர் பிளாஸ்டிக் தகட்டில் மியூவான் பாய்ந்தால் மிக மங்கலாக ஓர் ஒளிப்பொறி தெறிக்கும்; அதை ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் மின்துடிப்பாக மாற்றித் தரும். ஊசித்துளை அளவு வெளிச்சம் உள்ளே போனாலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் தகட்டை அலுமினியத் தாளில் சுற்றி, மேலே கறுப்புத் தாள் போர்த்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, டார்ச் அடித்துக் கசிவு தேடுவோம். பிறகு குழாய்க்குத் தரும் வோல்டேஜ். ஏற்ற ஏற்ற எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், ஓரிடத்தில் ஏறாமல் நிற்கும். அங்கேதான் வைக்க வேண்டும். தாண்டினால் குழாயின் சொந்த இரைச்சலை எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

நம் லேபில் தனி ஊசல் ஆட்டும் பிள்ளைக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். 9.3 வந்தால் ரெக்கார்டில் 9.8 என்று எழுதிவிடுவான். மியூவானுக்கு அப்படி எழுதிவைத்த விடை இல்லை. நேற்றைவிட இன்று எண்ணிக்கை குறைவு. காற்றழுத்தம் கூடியதாலா, கருவியில் கோளாறா? இப்படித் தேடி அலைந்த ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் திட்டமாட்டார், வந்ததை வந்தபடி எழுதவைத்து, ஏன் என்று கேட்பார். இந்தத் திட்டங்களுக்கு அரசு செலவழிப்பது இதற்காகவே தகும்.

கேள்வி: நம் ஊர் ஆசிரியர்களுக்கு வழி உண்டா?
– ஆசிரியர், மேலூர்

பதில்: ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் 1998 முதல் ஆசிரியர்களை அழைக்கிறது. கோடையில் நடக்கும் இரண்டு வார ஆங்கிலப் பயிற்சிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். உலர்பனிக்கட்டியும் ஆல்கஹாலும் வைத்து, துகள்கள் போகும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் முகில் அறை செய்யக் கற்றுத்தருவார்கள். அதை ஊருக்கு வந்தும் செய்யலாம்.

ஆனால் என் மனம் ஊட்டியில்தான் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி இயங்குகிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி மேலே நின்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பத்துப் பேராவது அங்கே தங்கி அந்தத் தரவுகளில் வேலை செய்ய வேண்டும். பயணப்படியைப் பள்ளிக் கல்வித்துறை தரட்டும்.