சிங்கப்பூர் இரவுப் பந்தயம்: அப்பாவுக்கு இருக்கை அவசியம்

நண்பருக்கு வணக்கம். அறுபதைக் கடந்த அப்பாவுடன் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் செல்ல, இருக்கை இல்லாத மலிவுச் சீட்டு போதுமா என்றும், எங்கே தங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

போதாது என்பதே என் கருத்து. பந்தயம் இரவு 8 மணிக்குத்தான் தொடங்கும் என்றாலும், வேலியோரம் நல்ல இடம் வேண்டுமானால் மாலையிலிருந்தே அந்தப் புழுக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். தண்ணீர் வாங்க நகர்ந்தால்கூட இடம் போய்விடும். 5 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான தடத்தை 62 முறை சுற்றி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாவது பார்வையாளர் மாடத்தில் இருக்கை எடுங்கள். நேர்ப்பாதையில் கார்கள் இமைப்பதற்குள் பறந்துவிடும். வளைவை ஒட்டிய இருக்கை கிடைத்தால், ஓட்டுநர்கள் பிரேக் பிடிப்பதையும் முந்த முயல்வதையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா ஏற்றது. பந்தயம் முடிந்ததும் பெருங்கூட்டம் சிட்டி ஹால் மெட்ரோ ரயில் நிலையத்தை நோக்கித் திரளும். நீங்கள் புரோமெனாட் நிலையத்துக்கு நடந்தால், டவுன்டவுன் ரயில் தடத்தில் மூன்றாவது நிறுத்தமே லிட்டில் இந்தியா. சைவச் சாப்பாட்டுக்கும் சிரமமில்லை.

மழை சொல்லாமல் வரும் ஊர். குடை விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், மழைக்கோட்டே நல்லது. அப்பாவுக்குக் காதடைப்பான் மறவாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மின்னணு வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலவசமாகவே நிரப்பலாம்.