கருப்புப் பட்டை டிவியின் கோளாறு இல்லை

இயேசுவின் கதையைச் சொல்லும் ‘தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்’ படத்தின் டிவிடியில் மேலும் கீழும் தடித்த பட்டை வருவது கோளாறில்லை. 1965இல் வந்த இந்தப் படம் அல்ட்ரா பானாவிஷன் 70 என்ற மிக அகலமான படமுறையில் எடுத்தது. அகலம் உயரத்தைப் போல 2.76 மடங்கு. இன்றைய அகல டிவியின் 16:9 திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கருப்பாகத்தான் நிற்கும்.

ஜூம் போடாதீர்கள். படம் பிடித்த அமெரிக்காவின் யூட்டா மாநிலச் செம்பாறைகளுக்கு முன்னால் மனிதர்கள் புள்ளியாகத் தெரிவதுதான் இதன் அழகே. ஓரம் வெட்டுப்பட்டால் போச்சு.

ஒன்று பாருங்கள்: முகங்கள் சப்பையாக அகன்று தெரிகின்றனவா? அப்படியென்றால் பிளேயர் பழைய டிவிக்கான 4:3 அமைப்பில் இருக்கலாம். 16:9க்கு மாற்றுங்கள், பட்டையும் கொஞ்சம் மெலியும்.

மாற்றிய பிறகும் நாலு பக்கமும் பட்டை என்றால் அது பட்டையோடு 4:3 சட்டத்துக்குள் பதித்த பழைய வகைப் பதிப்பு. அதற்கு மட்டும் ஜூம் சரி.